இழுத்தால் ஓடும் குதிரை

சென்ற மாதக் கூட்டத்தில் நாம் எடுத்துக்கொண்ட நூல் அன்னா சூவெல் எழுதிய 'பிளாக் ப்யூட்டி'. 1877இல் வெளிவந்த இந்த நாவலைப் பள்ளி வயதில் சுருக்கப் பதிப்பாகப் படித்து, குழந்தைகளுக்கான கதை என்று ஒதுக்கி வைத்தவர்களே நம்மில் அதிகம். முழு நூலையும் வாசித்தபோதுதான், ஒரு கண்டனப் பிரசுரத்தின் கோபமும் ஒரு லாயக்காரரின் நுட்பமும் ஒருசேரப் படிந்த எழுத்து இது என்பது புலப்பட்டது. வாசிப்பு முடிந்ததும் நண்பர் ஒருவர் எழுப்பிய கேள்வி நம்மைச் சில வாரங்கள் தூங்கவிடவில்லை. "ஜிஞ்சரை மீட்டிருக்க முடியுமா?" என்பதே அக்கேள்வி.

நாவலை மறந்தவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுவோம். ஜிஞ்சர் ஒரு செம்பழுப்புப் பெட்டைக்குதிரை. முரட்டுக் கைகளால் பழக்கப்பட்டதால் கடிக்கவும் உதைக்கவும் கற்றுக்கொண்டவள். பிரபு வீடொன்றில் வண்டி இழுக்கும்போது, தலை எப்போதும் நிமிர்ந்திருக்க வேண்டும் என்னும் நாகரிகத்துக்காக அவளுக்கு 'பேரிங் ரெய்ன்' மாட்டப்படுகிறது. வாயிரும்பிலிருந்து மேலேறி, பின்னோக்கி ஓடி, முதுகுச் சேணத்துக் கொக்கியில் மாட்டப்படும் வார் இது. கொக்கியில் மாட்டிய பிறகு குதிரை தலையைத் தாழ்த்தவே முடியாது. மேட்டில் பாரம் இழுக்கும் குதிரை தலையைத் தாழ்த்தித்தான் தன் எடையை முன்னால் செலுத்தும். அந்த உரிமை பறிபோனால் முதுகும் கழுத்தும் மூச்சும் ஒன்றாகக் கெடும். ஒருநாள் ஜிஞ்சர் பொறுமையிழந்து உதைத்துத் தள்ளுகிறாள். வண்டியிலிருந்து விலக்கப்பட்டவளை அவ்வீட்டின் இளம் பிரபு வேட்டைக்கும், பிறகு தடைதாண்டும் ஓட்டப்பந்தயம் ஒன்றுக்கும் ஓட்டுகிறான். மூச்சு கெட்டு, கைமாறிக் கைமாறி, இலண்டன் வாடகை வண்டியில் அவள் கதை முடிகிறது.

சூவெல் இதைக் கற்பனையில் ஊதிப் பெருக்கவில்லை. நாவல் வருவதற்கு 2 ஆண்டுகள் முன்னர், 1875இல், எட்வர்ட் ஃபோர்டம் ஃபிளவர் என்பவர் இதே வாரை எதிர்த்துத் தனிப் பிரசுரமே எழுதியிருந்தார். சூவெல் சிறுவயதில் கணுக்காலில் அடிபட்டு, வாழ்நாள் முழுதும் சரிவர நடக்க இயலாமல், குதிரைவண்டியை நம்பி வாழ்ந்தவர். லகானைப் பற்றி அவர் எழுதியது லகானைப் பிடித்த கையின் அனுபவம்.

நண்பரின் கேள்விக்கு வருவோம். பந்தயத்தில் ஓடி, அங்கிருந்து கழித்துவிடப்பட்ட குதிரைக்கு மறுவாழ்வு உண்டா? இது பழங்கதை பற்றிய கேள்வி மட்டுமன்று. நம்மூரில் குதிரைப் பந்தயம் என்றவுடன் கிண்டி நினைவுக்கு வரும். ஓடி முடித்த குதிரை எங்கே போகிறது என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. தரோப்ரெட் எனப்படும் பந்தயச் சாதிக் குதிரை, சமதளப் பந்தயங்களில் பெரும்பாலும் 2 வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. பல குதிரைகள் 5, 6 வயதுக்குள் களத்தைவிட்டு வெளியேறுகின்றன. அதன் ஆயுளோ 25 ஆண்டுகளைத் தாண்டலாம். எஞ்சிய 20 ஆண்டுகளை யார் ஏற்பது? 1986ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியை வென்று, மறு ஆண்டு அமெரிக்காவின் சிறந்த குதிரையாகத் தேர்வு பெற்ற ஃபெர்டினாண்ட், இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்கு விற்கப்பட்டு, 2002இல் அங்கே இறைச்சிக் கூடத்தில் முடிந்ததாக 2003இல் செய்தி வந்தபோது பந்தய உலகமே அதிர்ந்தது. டெர்பி வென்ற குதிரைக்கே அந்தக் கதி என்றால், ஒரு பந்தயமும் வெல்லாத குதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட குதிரைக்கு உள்ள ஒரே காப்பு, சாதாரண மனிதர் ஒருவர் அச்சமின்றி ஏறி உட்காரக்கூடிய சவாரிக் குதிரையாக அது மாறுவதுதான். அம்மாற்றத்தின் வாசலில் நிற்கும் முதல் தடை, சேணம் ஏறியதும் அதன் உடலெங்கும் பரவும் இறுக்கம்.

இந்த இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, பந்தயக் குதிரை எதைக் கற்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றும் அறியாத குதிரை என்று அதை நினைப்பது பெரும்பிழை. அது நிறையக் கற்றிருக்கிறது; நமக்குத் தெரியாத வேறொரு மொழியைக் கற்றிருக்கிறது. ஜாக்கியை ஒருவர் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவார். பல வேளைகளில் குதிரை நடந்துகொண்டே இருக்கும். ஆகவே, ஏறும்வரை அசையாமல் நிற்பது என்பதே அதற்குப் புதிய பாடம். ஜாக்கியின் அங்கவடி மிக உயரத்தில் இருப்பதால், விலாவில் தொங்கும் நீண்ட மனிதக் காலை அது அறிந்ததில்லை. இவற்றையெல்லாம்விட முக்கியமானது லகான். இரு லகான்களையும் குறுக்காகச் சேர்த்துப் பிடித்து, கழுத்தின்மேல் பாலம்போல் ஊன்றிக்கொள்வது ஜாக்கியின் வழக்கம். குதிரை அந்தப் பிடியின்மேல் தன் வாயைச் சாய்த்து, அதையே ஊன்றுகோலாகக் கொண்டு பாய்கிறது. பிடி இறுகினால் 'ஓட்டம் தொடர்கிறது' என்று பொருள். பிடி தளர்ந்தால் 'வேலை முடிந்தது' என்று பொருள்.

இந்தச் சாய்வுக்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஆங்கில ஜாக்கிகள் நீண்ட அங்கவடியில் நிமிர்ந்து அமர்ந்தே ஓட்டினர். 1897இல் அமெரிக்காவிலிருந்து வந்த டாட் ஸ்லோன், குதிரையின் கழுத்தின்மேல் குரங்குபோல் குந்தி ஓட்டியதைக் கண்டு முதலில் சிரித்தார்கள். அவர் வெல்லத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. ஏறத்தாழ 1890 முதல் 1910 வரையான காலத்தில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் வரை மேம்பட்டதற்கு இந்த அமர்வே காரணம் என்று 2009இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வொன்று விளக்கியது. வேகம் கூடியது உண்மை. அத்துடன், சவாரி செய்யும் மனிதனின் எடை முதுகின் நடுவே அமரும்போது என்ன செய்வதென்று அறியாத குதிரைகளும் தலைமுறை தலைமுறையாக உருவாயின.

இப்போது ஓய்வு பெற்ற அத்தகைய குதிரைமேல் நல்லெண்ணம் கொண்ட ஒருவர் ஏறுகிறார். குதிரை கொஞ்சம் விரைகிறது. அவர் லகானை இழுக்கிறார். குதிரை, 'ஆகா, பிடி இறுகிவிட்டது' என்று இன்னும் விரைகிறது. அவர் இன்னும் இழுக்கிறார். கடைசியில் தலை வானத்தை நோக்கி உயர்ந்து, முதுகு பள்ளமாகி, இருவரும் அஞ்சி நிற்கின்றனர். அப்போதுதான் யாரேனும் வந்து, "இதற்கென்று ஒரு வார் இருக்கிறது, மாட்டிப் பாருங்கள்" என்பார். அந்த வார்களின் வரலாற்றைத்தான் நாம் தேடிப் போனோம்.

வார்களுக்கு முன்னால் ஒரு கிரேக்கர் நிற்கிறார். கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் செனோஃபோன் எழுதிய குதிரையேற்ற நூலில், துடிப்பு மிகுந்த குதிரையைப் பற்றியே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் அவர் சொல்லும் யோசனைகள் எந்தக் கருவியையும் சாராதவை. ஏறியவுடன் கிளம்பாமல், மற்றக் குதிரைகளைவிட அதிக நேரம் அமைதியாக நிற்கவிடவேண்டும். மிக மென்மையான குறிப்பால் நகர்த்தவேண்டும். கரடுமுரடான வாயிரும்பைவிட வழுவழுப்பானதே நல்லது. வேறொரு குதிரையுடன் போட்டியிட விடக்கூடாது. வேகமாக ஓட்டிக் களைக்கச் செய்தால் அடங்கிவிடும் என்று எண்ணுபவர்களை அவர் மறுக்கிறார். பந்தயச் சாதி தோன்றுவதற்கு 2000 ஆண்டுகளுக்கு முன்னரே, அதற்கான மருத்துவக் குறிப்பு எழுதப்பட்டுவிட்டது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அடுத்துக் காலத்தில் நெடுந்தூரம் தாவி ஆண்ட்வெர்ப் நகருக்கு வருகிறோம். ஆங்கில உள்நாட்டுப் போரில் தோற்று நாடு கடந்து வாழ்ந்த நியூகாசில் பிரபு வில்லியம் கேவண்டிஷ், ஓவியர் ரூபன்ஸ் வாழ்ந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கே குதிரைகளைப் பழக்கினார். கடன் கழுத்தை நெரித்த காலத்திலும் நல்ல குதிரைகளை வாங்குவதை அவர் நிறுத்தவில்லை. (அவருடைய மனைவி மார்கரெட் கேவண்டிஷ் 1666இல் எழுதிய 'தி பிளேசிங் வேர்ல்ட்' ஆங்கிலத்தின் ஆதி அறிவியல் கற்பனைக் கதைகளுள் ஒன்றாகக் கருதப்படுவது. அந்த வீட்டு உணவு மேசை உரையாடலைக் கேட்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.) 1658இல் பிரெஞ்சு மொழியில் பெரும் படங்களுடன் நியூகாசில் வெளியிட்ட நூலில், தம் கண்டுபிடிப்பாக ஒரு வாரைப் பெருமையுடன் விவரிக்கிறார். சேணத்தில் ஒரு முனை கட்டப்பட்டு, குதிரையின் மூக்குப்பட்டை வளையத்துக்குள் நுழைந்து, திரும்பச் சவாரிக்காரரின் கைக்கு வரும் நீண்ட வார் அது. பிற்காலத்தில் 'ட்ரா ரெய்ன்' என்று பெயர் பெற்ற இழுவார்களின் மூதாதை.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். நியூகாசில் தம் வாரை மூக்குப்பட்டையில்தான் பூட்டினார். வாயை அதிலிருந்து காப்பது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. பின்வந்தவர்கள் அந்த வாரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வாயிரும்பின் வளையத்துக்கு மாற்றினர். கிணற்றுக் கப்பியில் நீர் இறைத்தவர்களுக்கு இதன் விளைவைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஒரு முனை கட்டப்பட்டு, நடுவே வளையத்தில் புரளும் கயிற்றை நாம் ஒரு பங்கு இழுத்தால், வளையம் ஏறத்தாழ 2 பங்கு விசையை உணரும். கைக்கு இலேசாக இருக்கிறது. வாய்க்கோ இரட்டிப்பாக இருக்கிறது. தாம் மென்மையாகப் பிடித்திருப்பதாக ஒருவர் மனமார நம்பிக்கொண்டே கடுமை செய்ய வழி வகுக்கும் கருவி இது. குதிரையின் மூக்கு மார்பை நோக்கி மடிகிறது. பார்ப்பவருக்கு அது பணிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஆனால் இழுத்தால் ஓடவேண்டும் என்று கற்றுவந்த பந்தயக் குதிரைக்கு நாம் சொன்னது என்ன? அதற்குப் பழக்கமான அதே சொல்லை இரட்டைக் குரலில் கத்தியிருக்கிறோம், அவ்வளவே.

18ஆம் நூற்றாண்டின் லா கெரினியேர், கழுத்தைக் கட்டுவதை விட்டு, தோளை உள்நோக்கி வளைத்துப் பக்கவாட்டில் நடத்தும் பயிற்சியால் உடலைத் தளர்த்தும் வழியை 1733இல் எழுதி வைத்தார். இன்றும் எல்லாப் பள்ளிகளும் அதைச் செய்கின்றன. அவரைப் பற்றித் தனியே எழுதவேண்டும். இப்போது பாரிசுக்கு விரைவோம், ஏனெனில் நம் கதையின் உண்மையான களம் அதுதான்.

1830, 40களின் பாரிசில் இங்கிலாந்து மோகம் தலைவிரித்தாடியது. 1834இல் தோன்றிய ஜாக்கி கிளப்பின் முதல் தலைவர் ஹென்றி சீமோர் பிரபு. இங்கிலாந்திலிருந்து தரோப்ரெட் குதிரைகள் வந்து இறங்கின. மெல்லிய தோல், நீண்ட எலும்பு, கொதிக்கும் இரத்தம். பழைய அரண்மனைப் பயிற்சிக் கூடங்களின் உருண்டு திரண்ட ஸ்பானியக் குதிரைகளுக்காக எழுதப்பட்ட பாடங்கள் இவற்றிடம் செல்லவில்லை. இந்தச் சிக்கலுக்கு இருவர் இருவிதமாக விடை சொன்னார்கள். தோர் கோமகன், குதிரையை வெளியில் கொண்டுபோய் முன்னோக்கி ஓட்டுங்கள், இயல்பான ஆற்றலைத் தடுக்காதீர்கள் என்றார். வெர்சாய் நகரத்தில் பிறந்த பிரான்சுவா போஷேயோ, எல்லா எதிர்ப்பும் தாடையிலும் கழுத்திலும் தொடங்குகிறது, அங்கே இறுக்கத்தைக் கரைத்தால் உடல் முழுதும் கரையும் என்றார். பிரபுக்கள் தோரின் பக்கம். போஷேயின் மேடையோ சர்க்கஸ். நம்மூரிலும் இத்தகைய வித்துவச் சண்டைகள் எப்படி நடந்தன என்பதை அறிந்தவர்களுக்கு அந்நாளைய பாரிஸ் பத்திரிகைகளின் சூடு எளிதில் விளங்கும்.

போஷேயின் புகழை நிலைநாட்டியவன் பார்த்திசான் என்னும் இங்கிலாந்துத் தரோப்ரெட். யாராலும் ஏற முடியாதது என்று கைவிடப்பட்ட குதிரை. அதை விலைக்கு வாங்கிய போஷே, தரையில் நின்றபடி வாயிரும்பை விரலால் தொட்டுத் தொட்டுத் தாடையை அசையச் செய்வதில் தொடங்கி, சில காலத்தில் சர்க்கஸ் வட்டத்தில் நடனமாடுவதுபோல் நடத்திக்காட்டினார். இழுவார் இல்லை, கட்டுவார் இல்லை. பிறகு வந்தது ஜெரிக்கோ விவகாரம். குதிரை ஓவியங்களால் புகழ்பெற்ற ஓவியரின் பெயரைத் தாங்கிய இந்தத் தரோப்ரெட், சீமோர் பிரபுவினுடையது, ஏறியவரையெல்லாம் உதறியெறிவது. போலோன் வனத்தில் இதன்மேல் ஏறிச் சுற்றிவருபவருக்கே குதிரை சொந்தம் என்று பிரபு அறிவித்தார். போஷேயின் மாணவரான லான்கோம்-பிரேவ் கோமகன் வென்று, குதிரையைத் தம் ஆசானுக்கே கொடுத்துவிட்டார். சில வாரங்களில் அதே ஜெரிக்கோ, விளக்குகளும் இசையும் கூட்டமும் நிறைந்த சர்க்கஸ் அரங்கில் அமைதியாகத் தோன்றியபோது, பகைவர்களும் வாயடைத்துப் போயினர்.

இத்தனை வெற்றிக்குப் பிறகும் போஷேயின் முதல் முறையை நாம் கண்மூடிப் போற்ற இயலவில்லை. 1842இல் அவர் வெளியிட்ட நூலில், கையும் குதிமுள்ளும் ஒரே நேரத்தில் எதிரெதிராக வேலைசெய்து குதிரையைச் சிறைப்பிடிக்கும் உத்தி இருக்கிறது. அவர் கையில் அது கலை. அடுத்தவர் கையில் அது அடக்குமுறை. பிரெஞ்சு இராணுவம் அம்முறையைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டதற்கு அரசியல் காரணங்கள் பல இருந்தாலும், இந்தக் குறையும் ஒரு காரணமாகவே நமக்குப் படுகிறது.

திருப்பம் 1855 மார்ச்சில் நேர்ந்தது. பாரிசு சர்க்கஸ் கட்டடத்தின் பெரிய சரவிளக்கு அறுந்து விழுந்து, போஷேயின் கால் நசுங்கியது. அதன்பின் அவர் பொதுமக்கள்முன் தோன்றவில்லை. குதிமுள்ளின் பழைய வலிமையும் திரும்பவில்லை. நொறுங்கிய காலுடன் தனியே உழைத்த அந்த ஆண்டுகளில்தான் அவருடைய 'இரண்டாம் முறை' பிறந்தது. கை வேலை செய்யும்போது கால் ஓய்ந்திருக்கட்டும். கால் வேலை செய்யும்போது கை ஓய்ந்திருக்கட்டும். இரட்டை வாயிரும்பு போய், எளிய ஒற்றை வாயிரும்பு வந்தது. குதிரை ஒருமுறை விட்டுக்கொடுத்தால் கை உடனே விட்டுக்கொடுக்கும். வலிமை இழந்தவர் கண்டுபிடித்தது வலிமை தேவைப்படாத வழி.

போஷே, தோர் இருவரிடமும் பயின்ற ஒரே பெரியவர் தளபதி லோத். 1873இல் போஷே மரணப் படுக்கையில் இருந்தபோது தாம் அவரைக் காணச் சென்றதை அவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கிழவர் மாணவரின் கையைப் பற்றி, லகான் பிடிக்கும் நிலையில் வைத்து, எப்போதும் இப்படியே இருக்கட்டும் என்று அசையாமல் நிறுத்திக் காட்டினார். பிறகு அதே கையை மாணவரின் மார்பை நோக்கி இழுத்து, இதை மட்டும் ஒருபோதும் செய்யாதே என்று உணர்த்தினார். இந்தப் பகுதியை வாசித்த அன்று நம் குழுவில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

இதன் பின்னர் வந்தவர்களை விரைந்து கடப்போம். இங்கிலாந்தில் பிறந்து பிரான்சில் வளர்ந்த ஜேம்ஸ் ஃபில்லிஸ் தரோப்ரெட் குதிரைகளையே விரும்பிப் பயிற்றினார். 1890இல் வெளிவந்த அவர் நூலை உருவாக்க உடனிருந்து உதவியவர், பின்னாளில் பிரான்சின் பிரதமராகி முதல் உலகப்போரை முடித்துவைத்த கிளெமான்சோ. இத்தாலியப் படை அதிகாரி காப்ரில்லியோ, தாண்டும் குதிரையின் கழுத்துக்கு முழு விடுதலை கொடுங்கள் என்று சொல்லி, 1907இல் தம் 39ஆம் வயதில் குதிரையிலிருந்து விழுந்து மறைந்தார்.

20ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய 2 வார்கள் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையவை. முதலாவது 'ஷாம்போன்'. வயிற்றுவாரிலிருந்து முன்னங்கால்களுக்கிடையே மேலேறி இரண்டாகப் பிரியும் கயிறு, காதுகளுக்குப் பின்னே உச்சியில் உள்ள பட்டையின் வளையங்கள் வழியாக இறங்கி வாயிரும்பில் சேரும். குதிரை தலையை உயர்த்தினால் உச்சியில் அழுத்தம், வாயின் ஓரத்தில் மேல்நோக்கிய இழுப்பு. தாழ்த்தினால் அக்கணமே எல்லாம் தளர்ந்துவிடும். மூக்கை மார்புக்குள் மடிக்க இது வற்புறுத்துவதில்லை. முன்னோக்கியும் கீழ்நோக்கியும் கழுத்தை நீட்டும் வழி திறந்தே இருக்கிறது. இரண்டாவதான 'தெ கோக்' இதன் தம்பி. வாயிரும்பு வளையத்தில் நிற்காமல் கயிறு மீண்டும் மார்புப் பக்கம் திரும்பி ஒரு முக்கோணத்தை உண்டாக்கும். ஷாம்போன் நீண்ட கயிற்றில் வட்டமாக ஓட்டும் பயிற்சிக்கு மட்டுமே உரியது; அதை மாட்டிக்கொண்டு ஏறிச் சவாரி செய்வது ஆபத்து. தெ கோக்கை அறிந்தவர் கையில் சவாரியிலும் பயன்படுத்த முடியும்.

பேரிங் ரெய்னையும் ஷாம்போனையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் நமக்கு ஒரு கதவு திறந்தது. இரண்டுமே உச்சந்தலை, வாய் ஆகியவற்றின்மேல் வேலை செய்யும் வார்கள். முன்னது குதிரை எதைச் செய்தாலும் விடாது. பின்னது சரியான விடை வந்ததும் காணாமல் போய்விடும். போஷே தம் இறுதிக் காலத்தில் கையால் செய்ததை, ஷாம்போன் ஒரு கயிற்றால் செய்ய முயல்கிறது. இழுத்தால் ஓடு என்று கற்ற குதிரைக்கு, இழுப்பின் பொருளை மாற்ற இழுப்பு உதவாது. இழுப்பு எந்தக் கணத்தில் நிற்கிறது என்பதிலிருந்துதான் அது புதுப்பொருளைக் கற்கிறது. கயிற்றை ஒரு சாண் குறைத்துக் கட்டினால் ஷாம்போனும் பேரிங் ரெய்னாகிவிடும் என்பதையும் சொல்லியாகவேண்டும். தளர்வே வராத தளர்வுக் கருவி என்ன கற்பிக்கும்? கருவி விற்பவர்கள் இதைப் பெட்டியின்மேல் அச்சிடுவதில்லை.

மூக்கு மார்பில் இடிக்க மடித்து ஓட்டும் பயிற்சியைப் பற்றிப் போட்டி உலகில் பல ஆண்டுகள் சர்ச்சை நடந்து, 2010இல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, வன்முறையான விசையால் கழுத்தை மடிப்பது ஏற்கத்தக்கதன்று என்று அறிவித்தது. நியூகாசிலின் வார் மூக்கிலிருந்து வாய்க்கு இடம்பெயர்ந்ததன் கணக்கு இவ்வளவு காலம் கழித்துத்தான் பார்க்கப்பட்டது.

இன்று இத்துறையில் உழைப்பவர்கள் செய்வது என்ன? நியூயார்க் மாநிலத்து வால்கில் சிறைச்சாலையில் 1984இல் தொடங்கிய திட்டமொன்றில், ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளைக் கைதிகள் பராமரித்துவருகின்றனர். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு முதல் இதற்கெனவே ஓர் அறநிறுவனம் இயங்கிவருகிறது. பயிற்றுநர்கள் பலரிடம் பொதுவாகக் காணப்படும் முறை ஏறத்தாழ இதுதான். முதலில் சில வாரமோ சில மாதமோ மேய்ச்சல் நிலத்தில் விடுகிறார்கள். பல், முதுகு, லாடம் ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். பந்தயக் குதிரைகளில் இரைப்பைப் புண் மிகப் பரவலானது என்பதால் அதையும் பார்க்கிறார்கள். வலியால் இறுகிய குதிரைக்கு எந்த வாரும் மருந்தாகாது. அடுத்து, ஏறுவதற்கு மேடையருகே அசையாமல் நிற்கக் கற்பிக்கிறார்கள். நீண்ட கயிற்றில் வட்டப் பயிற்சி. தேவைப்பட்டால் தளர்வாகக் கட்டிய ஷாம்போனோ பக்கவாரோ, அதுவும் சில நிமிடங்களுக்கு. பிறகு, சவாரியில் பெரும்பாலும் நடை, நடை, மேலும் நடை. பெரிய வட்டங்கள். லகானை இழுத்து நிறுத்துவதற்குப் பதில், மூச்சை வெளிவிட்டு உடலைக் கனக்கவிட்டு நிறுத்தப் பழகுதல்.

இவர்களில் பலர் மறவாமல் மாட்டும் ஒரு துணைக்கருவி உண்டு. அங்கவடியின் பழைய வாரை எடுத்துக் குதிரையின் கழுத்தில் மாலைபோல் கட்டிவிடுவார்கள். குதிரை திடுக்கிட்டுத் துள்ளும்போது, பதறிய கை லகானுக்குப் பதில் அந்த வாரைப் பற்றிக்கொள்ளும். அது குதிரையின் வாயோடு தொடர்பற்றது; குதிரைக்கு எதையும் கற்பிப்பதில்லை. ஏறியிருக்கும் மனிதனின் கை, மார்பை நோக்கி வராமல் காப்பதுதான் அதன் வேலை. விலையும் ஏதுமில்லை.

பந்தயத்தில் 6 முறை ஓடி ஒருமுறையும் வெல்லாமல் கழிக்கப்பட்ட ஒரு சிறிய பெட்டைக்குதிரை, 'டச் ஆஃப் கிளாஸ்' என்று புதுப்பெயர் பெற்று, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜோ ஃபார்கிஸை ஏற்றிக்கொண்டு தடைதாண்டலில் தனிநபர் தங்கமும் அணித் தங்கமும் வென்றது. எல்லாக் குதிரைக்கும் இது வாய்க்காது, வாய்க்கவேண்டியதும் இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வயல்வரப்பில் நடக்கும் குதிரையாக ஆனாலே போதும்.

நண்பரின் கேள்விக்கு விடை தேடி இவ்வளவு தூரம் அலைந்துவிட்டு நாவலை மறுபடியும் புரட்டினோம். விடை அதன் முற்பகுதியிலேயே இருந்தது, நாம்தான் கவனியாமல் தாண்டியிருந்தோம். பிரபு வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஜிஞ்சர் பர்ட்விக் என்னும் பண்ணை வீட்டில் இருக்கிறாள். அங்கே பேரிங் ரெய்ன் கிடையாது. வீட்டு எஜமானர் அதை எதிர்த்து அயலாருடன் வாதாடுபவர். வண்டிக்காரர் ஜானும் லாயத்துப் பையன் ஜேம்ஸும் பொறுமையாக நடத்த, கடிக்கும் பழக்கத்தை அவள் மெல்ல மறந்துவருகிறாள். அதாவது ஜிஞ்சர் ஒருமுறை மீட்கப்பட்டுவிட்டாள். பிறகு எஜமானியின் உடல்நலத்துக்காக அக்குடும்பம் வெளிநாடு செல்ல வேண்டியதாயிற்று. குதிரைகளை விற்றுவிட்டார்கள்.

அடுத்த மாதம் செனோஃபோனின் குதிரையேற்ற நூல். ஒன்பதாம் அத்தியாயத்தையேனும் அனைவரும் படித்து வரவேண்டுகிறோம்.